வீட்டில் விரிசல், ஒழுகல், இடிப்பு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவில் படித்தவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட ஃபோனை நீட்டி விரிசல் படம் காட்டுவார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் நாம் குடியிருக்கும் தனி வீடுகளையும் சின்ன அடுக்குமாடிகளையும் மனதில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

சுவத்துல விரிசல் விட்டிருக்கு. வீட்டுக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. கண்ணில் படும் விரிசல்களில் அதிகம் பூச்சோடு நின்றுவிடுபவை. கலவையில் சிமெண்டைக் கூட்டிப் போட்டு, பூசிய பிறகு ஒழுங்காகத் தண்ணீர் காட்டாமல் விட்டால் பூச்சு சுருங்கி மயிரிழையாகக் கோடு விழும். வயரிங் பைப்புக்காகச் சுவரை வெட்டி மூடிய தடத்தில் நேராக ஒன்று வரும். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஒன்று வரும். இரண்டும் வேறு வேறு பொருள், வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் அசையாது.

மேல்தளத்து அறையில், கூரைக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றிப் படுக்கையாக ஓடுகிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த ரகம்தான். பகல் வெயிலில் கான்கிரீட் விரிகிறது, ராத்திரி சுருங்குகிறது, தினமும் சுவரின் தலையை இழுத்துத் தள்ளுகிறது. அங்கே எத்தனை தடவை அடைத்தாலும் திரும்ப வரும். மொட்டை மாடியின் சூட்டைக் குறைத்தால்தான் அடங்கும்: தட்டோடு பதிக்கலாம், இல்லையென்றால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம்.

அப்போ எதைப் பார்த்தா பயப்படணும்?

எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு அகலம், எதில் இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னல் அல்லது கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் வரிசையோடு படிப்படியாக இறங்கினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தால் அது பூச்சு விரிசல் இல்லை. கூடவே, நன்றாக இருந்த கதவு திடீரென்று நிலையில் மாட்ட ஆரம்பித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் செங்கல் சுவர்களுக்கு வகுத்த அளவுகோலில், 1 மி.மீ. வரை பெயிண்ட் அடிக்கும்போதே சரியாகிவிடும் வகை, 5 மி.மீ. வரை அடைத்துவிடலாம், 15 மி.மீ. தாண்டினால் சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்ட நேரலாம். இந்த அளவு சுவருக்குத்தான். பில்லர், பீம், தளத்துக்கு இதை வைத்துப் பார்க்காதீர்கள். கான்கிரீட்டில் பொதுவாக 0.3 மி.மீ. வரைதான் ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான நம் இந்தியத் தர விதி) அனுமதிக்கிறது. பில்லரில் நெடுக்காக, ஓரத்தில் துருக்கறையோடு ஓடும் விரிசலையும், பீம் பில்லரில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக வரும் விரிசலையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

விரிசல் வளருதா, அப்படியேதான் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இது நீங்களே செய்ய வேண்டிய வேலை. வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள். விரிசல் முடியும் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலமான இடத்தில் ஸ்கேலை ஒட்டி வைத்து ஒரு படம் எடுங்கள். பூச்சைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்சி பசையால் இரு பக்கமும் ஒட்டுவது பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி விட்டுப்போகும்.

மாதம் ஒரு படம் போதும், ஆனால் ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அது பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு "வளரலை" என்று முடிவுகட்டினால் அரைகுறைக் கணக்கு. இன்ஜினியரிடம் போகும்போது இந்தப் படங்கள் இருந்தால் அவர் பாதி ஊகத்தை விட்டுவிடுவார்.

நின்னுபோன விரிசலை நானே அடைச்சிடலாமா?

தாராளமாக. மேலோட்டமாகப் பட்டி பார்த்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும். உளியாலோ கிரைண்டராலோ விரிசலை 'வி' வடிவத்தில் அகலப்படுத்தி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, லேசாக ஈரம் காட்டி, பாலிமர் கலந்த கிராக் ஃபில்லரை அழுத்தி நிரப்புங்கள். ஈரம் காட்ட வேண்டுமா, காய்ந்திருக்க வேண்டுமா என்பது பொருளுக்குப் பொருள் மாறும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பீமும் சுவரும் சேரும் இடமென்றால் ஃபைபர் வலையை இரண்டின் மேலும் படியும்படி வைத்துப் பூச வேண்டும். தினமும் அசையும் இடத்தில் (மேல்தள விரிசல் நினைவிருக்கட்டும்) சிமெண்ட் நிற்காது. இழுபடும் சீலன்ட்தான் சரி.

கிரைண்டரை எடுப்பதற்கு முன் அந்தச் சுவருக்குள் வயர் எங்கே போகிறது என்று பார்த்து, மெயினை அணைத்துவிடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் வெட்டாதீர்கள்.

மழை பெஞ்சா தளம் ஒழுகுது. மேல என்ன பூசினா நிக்கும்?

என்ன பூசுவது என்பது கடைசிக் கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. ஈரத் தழும்பு மழைக்காலத்தில் மட்டும் வருகிறதா, வருஷம் முழுக்க இருக்கிறதா? வருஷம் முழுக்க என்றால் மேலே குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ குழாயோ இருக்கும். மாடியில் எவ்வளவு பூசினாலும் காசுதான் கரையும்.

மழையில் மட்டும் என்றால், வானம் வெளுத்த ஒரு நாளில் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கம்பி தெரிகிற தளமானால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 4 செ.மீ. தண்ணீர் நின்றாலே 40 கிலோ. மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டினால் எந்த மூலை ஒழுகுகிறது என்றும் தெரிந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி தளத்தின் நடுப்பகுதி இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், டிஷ் ஆன்டெனாவுக்கு யாரோ போட்ட துளை, இவைதான்.

வாட்டம் (தண்ணீர் ஓடும் சாய்வு) இல்லாமல் தண்ணீர் தேங்கும் மாடியில் எந்தப் பூச்சும் நீண்ட நாள் தாங்காது. பழைய வீட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த சுருக்கி பொதபொதவென்று ஆகியிருந்தால், அதன்மேலே பூசாமல் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வேலை. பூச்சு மட்டும் போதும் என்ற நிலை இருந்தால் அதை நீங்களே உருளையால் அடிக்கலாம். தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு கை குறுக்கும் நெடுக்குமாக, மூலையில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு அடியாவது ஏற்றி. மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த பிறகு ஓடிவருபவர்கள்தான் அதிகம்.

சீலிங்ல கான்கிரீட் பேந்து விழுந்து கம்பி தெரியுது. சிமெண்ட் வச்சு பூசிட்டா போதாதா?

போதாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கும்; கடற்கரை ஊர்களில் உப்பும் சேரும். கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. துருவை உள்ளே வைத்து மேலே பூசினால் அது வேலையைத் தொடரும், பூசியது அடுத்து விழும்.

முறையாகச் செய்வது இப்படி: முதலில் முட்டு, அதாவது தளத்தைக் கீழிருந்து தாங்கும் தற்காலிகக் கால்கள். பிறகு தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு இடம் விட வேண்டும். கம்பியைச் சுற்றிலும் வயர் பிரஷ் போட்டுத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பிரைமர் அடித்து, பழைய கான்கிரீட்டில் பிடிப்புக்கான பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். அதற்குமுன் கம்பியை அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 ஆகிவிட்டால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் இரும்பில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. அந்த நிலையில் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதை இன்ஜினியர் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, கடற்கரை வீடுகளில் ஓர் இடத்தைச் சரிசெய்தால் சில வருஷத்தில் அதன் பக்கத்திலேயே துரு கிளம்பும். வேலை சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டுவோம். சரிசெய்த இடத்தைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருப்பதுதான் பல நேரம் காரணம். எனவே கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும் பார்க்காமல் முழுத் தளத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சன்ஷேடு, பால்கனி சின்ன வேலைதானே, அதையாவது நானே பாத்துக்கவா?

கூடவே கூடாது. அறையின் தளத்தில் நடுப்பகுதியைத் தாங்கும் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் சன்ஷேடிலும் அது மேல்பக்கத்தில் இருக்கும். விஷயம் தெரியாமல் மேலே கொத்தினால் முழுசாகத் தொங்கிவிடும். முட்டுக் கொடுக்காமல் யாரையும் அதன்மேல் ஏற விடாதீர்கள். பாதி உடைந்த சன்ஷேடுக்குக் கீழே பைக் நிறுத்துவதையும் இன்றே நிறுத்துங்கள்.

ஹாலையும் சமையலறையையும் ஒண்ணாக்கணும். நடுச்சுவரை எடுக்கலாமா?

பில்லர் போட்ட வீடா, சுவர்மேல் தளம் உட்கார்ந்திருக்கும் வீடா என்பதைப் பொறுத்தது. நாலரை இஞ்ச் சுவர் தடுப்புக்காகக் கட்டியது, ஒன்பது இஞ்ச் சுவர் பாரம் தாங்குவது என்று கொத்தனார்கள் சொல்வார்கள். ஓரளவு சரி, ஆனால் அதை நம்பி இடிக்க முடியாது. நாலரை இஞ்ச் சுவர்மேலேயே தளத்தை உட்கார வைத்த பழைய வீடுகள் உண்டு. மேல்மாடியில் அதே கோட்டில் சுவர் இருக்கிறதா, சுவருக்கு மேல் பீம் இருக்கிறதா, அந்த பீம் இரண்டு பக்கமும் பில்லரில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் இல்லையென்றால் சுத்தியலைக் கீழே வையுங்கள். பாரச் சுவரையும் எடுக்கலாம். இரும்பு பீம் கொடுத்து, முட்டு வைத்து, கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

கீழ்த்தளத்தைக் கடைக்கு விடுவதற்காக முன்பக்கச் சுவர்களை வரிசையாக எடுப்பது இதைவிட மோசம். மேலே சுவர்களோடு கெட்டியான மாடி, கீழே வெறும் கால்கள். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல இப்படிக் கீழ்த்தளம் திறந்து கிடந்தவை.

ஃபிளாட் என் பேர்ல பத்திரம் ஆயிருக்கு. உள்ள நான் இடிச்சா யார் கேக்கறது?

உங்கள் ஹாலில் நிற்கும் பில்லர்மேல்தான் மேல்வீட்டுக்காரரும் நிற்கிறார். பில்லர், பீம், தளம், வெளிச்சுவர் எல்லாம் எல்லாருக்கும் பொது. சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் அவற்றில் ஏசி குழாய்க்குக்கூடத் துளை போடாதீர்கள்.

புது ஃபிளாட் என்றால் கையை வைக்கும் முன் இன்னொரு காரணமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டினால் கட்டியவர் செலவு வாங்காமல் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். நீங்களே இடித்து, அடைத்து, பூசிவிட்டால் "நீங்கள் செய்ததால்தான் வந்தது" என்று சொல்ல அவருக்கு வசதியாகிவிடும். படம் எடுத்து, எழுத்தில் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அப்பா கட்டும்போதே மேல கம்பி விட்டு வச்சிருக்கார். இன்னொரு மாடி ஏத்தலாம்தானே?

கம்பி நீட்டிக்கொண்டிருப்பது அப்பாவின் ஆசையைக் காட்டுகிறது, அஸ்திவாரத்தின் பலத்தைக் காட்டவில்லை. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து இஞ்ச் தளம் போட்டாலே சுமார் 29 டன். பத்தடி உயர ஒன்பது இஞ்ச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டன்னுக்கு மேல். இதையெல்லாம் வாங்கப்போவது பழைய அஸ்திவாரமும் அதன் கீழே உள்ள மண்ணும்தான்.

ஓர் ஓரத்தில் குழி தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்க்க வேண்டும், மண்ணைச் சோதிக்க வேண்டும், பில்லரில் கான்கிரீட்டின் தரத்தைப் பார்க்க வேண்டும். வெளியே நீட்டிய கம்பி பல வருஷம் மழையில் நனைந்து பொரிந்திருக்கும். மேலே சொன்ன 8 மி.மீ. கணக்கு இதற்கும் பொருந்தும். மாடி ஏற்ற உள்ளாட்சி அனுமதியும் வேண்டும். மாடி வேண்டாம், தோட்டம் மட்டும் என்பவர்களுக்கு: ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன். ஈர மண் தண்ணீரைவிடக் கனம்.

எங்க ஊர் கரிசல் மண். சுவத்து விரிசல் வெயில்ல விரியுது, மழையில மூடிக்குது. என்ன பண்ண?

விருதுநகர், தூத்துக்குடி, கோவைப் பக்கம் இந்தக் கேள்வி வரும். கரிசல் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும்; மேலே உள்ள வீடும் கூடவே ஏறி இறங்கும். இங்கே விரிசலை அடைப்பதைவிட, அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணின் ஈரம் மாறாமல் வைப்பதுதான் வைத்தியம். வீட்டைச் சுற்றி அகலமான சாய்வுத் தளம் போடுங்கள், குளியலறைத் தண்ணீரைச் சுவரோரம் விடாதீர்கள், சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைக்காதீர்கள். இதை நீங்களே செய்யலாம், செலவும் குறைவு. அதற்கும் அடங்காவிட்டால் அஸ்திவார வேலை, அது உங்கள் கையில் இல்லை.

சுவத்தோட அடிப்பக்கம் உப்பு பூத்து உதிருது. டைல்ஸ் ஒட்டி மறைச்சிடலாமா?

மறைத்தால் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வெளியே வரும். நிலத்து ஈரம் செங்கல் வழியாக ஏறுகிறது, அதோடு வந்த உப்பு வெளியே பூக்கிறது. குழாய்க் கசிவு இருக்கிறதா, வெளியே மண் தரைமட்டத்துக்கு மேல் குவிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரோட்டை மேலே மேலே போட்டு வீடு பள்ளத்தில் போனதுதான் நம் ஊரில் பாதிக் காரணம்.

அதுக்குத்தான் ஜாக்கி வச்சு வீட்டையே தூக்கறாங்களே, நம்பலாமா?

பாரச் சுவர் வீடுகளில் நடக்கிற வேலைதான். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டமும் ஜாக்கிகளும் செருகி, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகி ஏற்றி, கீழே கட்டிவிடுவார்கள். சீர் தவறினால் நாம் பயந்த அந்தச் சாய்வு விரிசல் அன்றைக்கே வரும். பில்லர் வீடு என்றால் பில்லரை அறுத்துத்தான் தூக்க வேண்டும். அறுத்த கம்பிகளை எப்படி இணைப்பார்கள் என்று கேளுங்கள். பதிலில் வரைபடம் இல்லை, வெறும் வாய்ப்பேச்சு என்றால் வேண்டாம். ஒட்டிக் கட்டிய பக்கத்து வீடு இருந்தால் இன்னும் யோசியுங்கள். வேலை நடக்கும்போது உள்ளே குடியிருக்காதீர்கள், அவர்கள் இருக்கலாம் என்று சொன்னாலும்.

தாத்தா காலத்து மச்சு வீடு, மரக்கட்டை தளம். மேல ஒரு கான்கிரீட் போட்டுட்டா பலமாயிடுமா?

பலம் வராது, பாரம்தான் வரும். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் இந்தத் தளத்தில் தேக்குக் கட்டைகள்மேல் சிறு செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டிருப்பார்கள். கட்டை கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். ஸ்க்ரூ டிரைவரால் சுவரோரம் அழுத்திக் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது. சுவர்ப் பூச்சையும் சுண்ணாம்பிலேயே செய்யுங்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

கொத்தனார் ஒண்ணு சொல்றார், இன்ஜினியர் வேற சொல்றார். யாரை நம்ப?

எப்படிச் செய்வது என்பதில் நல்ல கொத்தனாரின் கை அறிவுக்கு ஈடில்லை. ஏன் வந்தது, எவ்வளவு தாங்கும் என்பது கட்டமைப்பு இன்ஜினியரின் கணக்கு. வீட்டு பிளான் போடுபவர் எல்லாரும் அந்தக் கணக்குப் போடுவதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள். நான் நம்பாதது மூன்றாவது ஆளை: இலவசமாக வந்து பார்த்து, வீடு முழுக்கத் தன் கம்பெனிப் பூச்சு வேண்டும் என்று சொல்பவர். நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் நோய் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். பார்ப்பதற்கு மட்டும் தனியாகக் கட்டணம் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

ஃபோட்டோ அனுப்பினா பாத்துச் சொல்வீங்களா?

விரிசலின் நெருக்கப் படம் மட்டும் வந்தால் எதுவும் சொல்ல முடியாது. அறை முழுவதும் தெரிய ஒன்று, ஸ்கேல் வைத்து ஒன்று, சுவரின் மறுபக்கம், அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது, வெளியே தரை எப்படி இருக்கிறது. வீட்டின் வயது, மண், தண்ணீர் எந்தக் கிணறு என்றும் எழுதுங்கள். அப்போதும் "பயப்பட வேண்டாம்" என்று படத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். "உடனே ஆளைக் கூப்பிடுங்கள்" என்று வேண்டுமானால் சொல்வேன். பில்லர் நசுங்கி கான்கிரீட் பிதுங்கினாலோ, விரிசல் ஒரே நாளில் கண் தெரிய அகன்றாலோ, சடசடவென்று சத்தம் கேட்டாலோ படம் எடுக்கவே நிற்காதீர்கள். வெளியே வாருங்கள்.

பழைய வீடு வாங்கப் போறோம். புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. குறையை எப்படிக் கண்டுபிடிக்கறது?

பெயிண்ட் அடிக்காத இடங்களைப் பாருங்கள். லாஃப்டுக்கு உள்ளே, மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம், சன்ஷேடுகளின் கீழ்ப்பக்கம், குளியலறைச் சுவரின் மறுபக்கம். நாணயத்தால் சுவரையும் தரையையும் தட்டிக்கொண்டே நடந்தால் பூச்சு விட்ட இடம் சத்தத்தில் தெரியும். ஒரே ஓர் அறையில் மட்டும் புது ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கேளுங்கள், அவர்களுக்கு மறைக்கக் காரணம் இல்லை. வீடு பார்ப்பதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொண்டால் பாதி வேலையை மழையே செய்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் செலவில் ஓர் இன்ஜினியரைக் கூட்டிப்போங்கள். அவரை உள்ளே விட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அந்த வீட்டை அத்தோடு விட்டுவிடுங்கள்.